நான்கு கட்டங்களுக்குள் ஒரு நாடு

பள்ளிப்பட்டுக் கடைவீதியில் முப்பது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் வேலை, பிறருடைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது. தட்டச்சுப் பொறியில் தொடங்கினேன்; இப்போது இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், வெயில் காலத்தில் அடிக்கடி முரண்டு பிடிக்கும் ஒரு பிரிண்டர் என்று கடை வளர்ந்திருக்கிறது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, தாய்மொழி என்று கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்டே காலம் போய்விட்ட எனக்கு, மலேசியா என்ற நாட்டை நான்கு கட்டங்களுக்குள் அடைத்திருக்கும் கதையைச் சொல்வதற்கு, உறவுக்காரப் பெண் ஒருத்தி கடல் தாண்டி என் கடைக்கே வந்தாள்.

சென்ற தை மாதக் கடைசியில் ஒரு முற்பகல் வேளை. சென்னையிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கியவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பழைய காகிதங்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "சின்னாயனா, பாகுண்டாரா?" என்று கேட்டாள். சித்தப்பா என்பதற்கு எங்கள் பக்கத்துத் தெலுங்கில் வழங்கும் சொல் அது. விசயவாடாக்காரர் 'பாபாயி' என்பார். சினிமாத் தெலுங்கும் அதையேதான் சொல்லும். சின்னாயனா என்று ஒருவர் அழைக்கிறார் என்றால் அவர் எங்கள் சீமையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இங்கே பிறந்தவர்களின் மடியில் வளர்ந்திருக்க வேண்டும். இவள் பிறந்தது பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே. என் தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்குக் கப்பலேறிப் போனவர். அவருடைய மகனின் மகன் எனக்கு அண்ணன் முறை. அந்த அண்ணனின் மகள் இவள். ஆறு மாதமாக வாட்ஸப்பில் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவள், நேரில் கண்டதும் தெலுங்கில் அழைத்தது எனக்குச் சற்றுக் கூச்சமாகக்கூட இருந்தது.

அவள் வந்த காரியம் எளியது. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கக் கொள்ளுத்தாத்தா பிறந்த ஊருக்கு ஏதேனும் சான்று வேண்டும். அவர் பிறந்தபோது இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போயிற்று, 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஆந்திரமாயிற்று, ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்த வரலாற்றை ஓர் அலுவலகத்தின் மேசையில் விளக்கிவிட்டு, "அந்தக் காலத்துப் பதிவேடு எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அங்கேயும் போய் அதே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன். இங்கே எழுத விரும்புவது அவள் உறைக்குள் இருந்த இரண்டு காகிதங்களைப் பற்றி.

இரண்டும் பிறப்புச் சான்றுகள். ஒன்று அவளுடைய தாத்தாவுக்கு உரியது, மற்றொன்று தாத்தாவின் தம்பிக்கு உரியது. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஐந்தாண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். இனம் என்ற இடத்தில் அண்ணனுக்குத் 'தமிழ்' என்றும் தம்பிக்குத் 'தெலெகு' என்றும் எழுதியிருக்கிறது. அண்ணன் பிறந்தபோது தோட்டத்துக் கணக்கை எழுதிய கிராணி ஒருவர், தம்பி பிறந்தபோது வேறொருவர் என்பதைத் தவிர அவளுடைய குடும்பத்தில் இதற்கு வேறு விளக்கம் கிடையாது. தன் தந்தைக்கும் தனக்கும் வந்த சான்றுகளில் இரண்டு சொற்களும் போய் 'இந்தியா' என்று ஆகிவிட்டதாகச் சொன்னாள். வீட்டில் பாட்டியோடு தெலுங்கு, படித்தது தமிழ்ப்பள்ளி, வேலை மலாய் மொழியில், கடைத்தெருவில் சீனம் கொஞ்சம். ஆனால் அவள் நிரப்பி வளர்ந்த படிவங்களில் பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' என்று நான்கே கட்டங்கள். லாயின்-லாயின் என்றால் ஏனையோர்.

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசியாவில் சுமார் 3 கோடியே 24 இலட்சம் பேர் இருந்தார்கள். குடிமக்களில் 69.4 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள், 23.2 விழுக்காட்டினர் சீனர், 6.7 விழுக்காட்டினர் இந்தியர், 0.7 விழுக்காட்டினர் ஏனையோர். பத்திரிகைகளில் நாம் படிப்பது இவ்வளவுதான். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது என்பது இந்த நான்கு எண்களில் எங்கும் தெரியாது. பூமிபுத்ரா என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே மலாய்க்காரரும், தீபகற்பத்துக் காடுகளின் பழங்குடியினரும், சபா, சரவாக் மாநிலங்களின் பல பத்து இனத்தவரும் அடக்கம். நம்முடைய சமஸ்கிருதச் சொல் அங்கே போய் இப்படியொரு சட்டப் பொருளை ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்தியர் என்ற கட்டம் அங்கே ஒரே நாளில் உருவானதன்று. 1891-இல், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் எடுத்த கணக்கில் ஒரு தலைப்பு, 'தமிழரும் இந்தியாவின் ஏனைய சுதேசிகளும்' என்று இருந்தது. அதாவது தமிழருக்குப் பெயர் உண்டு. மற்றவர் தமிழரின் வால். அந்த வாலுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை அவள் வாயாலேயே கேட்டேன். கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்பட்டுக்கும் வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போன காலத்தில், நம் பக்கத்துத் தமிழரோடு தெலுங்கரும் போனார்கள். விசாகப்பட்டினக் கரையிலிருந்து வேறு தெலுங்கர் போனார்கள். எழுத்து வேலைக்கு மலையாளிகள் போனார்கள். ரயிலுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்தார் போனார்கள். வட்டிக்கடைக்குச் செட்டியார்களும் காவல் வேலைக்குப் பஞ்சாபியரும் போனார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் எடுப்பது 1938-இல் நின்றது. ரஜூலா கப்பல் மட்டும் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக அதன்பிறகும் பல ஆண்டுகள் போய்வந்துகொண்டிருந்தது.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் வந்த விதம்தான் இந்த விஷயத்தில் முக்கியமானது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. துரை எந்த மொழியில் பள்ளி வைப்பான்? கூட்டத்தில் பெரும்பாலோர் பேசுவது எதுவோ, வாத்தியார் எந்த மொழியில் மலிவாகக் கிடைப்பாரோ, அந்த மொழியில் வைப்பான். ஆக, பால்மரக் காடு எனப்படும் ரப்பர் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் இருந்த தெலுங்குப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் பெரும்பாலும் தமிழில் அ, ஆ எழுதிப் பழகினார்கள். இன்றைக்கும் மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வி அமைப்புக்குள் இயங்குகின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே வேறெங்கும் இந்த அளவில் காணாத இந்தப் பேற்றைப் பற்றி நாம் மார்தட்டிக்கொள்கிறோம். நானும்தான். ஆனால் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது வேறு. தெலுங்குச் சங்கம் அங்கே வகுப்பு நடத்துகிறது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. இருந்தும், அவள் தலைமுறையில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் பலர் தமிழிலேயே சண்டையிட்டுக்கொள்கிறார்கள், தமிழிலேயே கனவு காண்கிறார்கள் என்றாள். மலாய் மொழி அவர்களுடைய தெலுங்கை எடுக்கவில்லை. எடுத்தது தமிழ்.

ஒரு கட்டத்துக்குள் பல மொழிகளைப் போட்டு மூடினால், உள்ளே இருக்கும் பெரிய மொழி சிறியவற்றைத் தின்றுவிடுகிறது. இதைத் தமிழுக்கு மட்டும் ஏற்பட்ட பழியாக நான் சொல்லவில்லை. சீனர் என்ற கட்டத்தைப் பாருங்கள். பினாங்கில் ஹொக்கியேன், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கான்டனீஸ், ஜொகூர் பக்கம் தியோச்சியூ, சபாவில் ஹக்கா, சரவாக்கின் சிபு நகரில் 1901-இல் வந்து குடியேறியவர்களின் பூச்சௌ என்று ஊருக்கொரு பேச்சாகப் பரவியிருந்தவர்கள் அவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தமிழும் தெலுங்கும் போல என்று சொல்லலாம். எழுத்து ஒன்று என்பதுதான் வேறுபாடு. சீனப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாண்டரின் பயிற்றுமொழியானபின், பாட்டி ஹொக்கியேனில் கேட்க, பேரப்பிள்ளை மாண்டரினில் பதில் சொல்லும் வீடுகள் பெருகிவிட்டன. என் கடைக்கு வந்த பெண்ணோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த சீனத் தோழி ஒருத்தி, "என் பாட்டியோடு நான் பேச வேண்டுமானால் நடுவில் அம்மா உட்கார வேண்டும்" என்று சொல்வாளாம்.

மலாய்க்காரர் என்ற கட்டம் இவற்றுக்கெல்லாம் தனியானது. அதற்கு அரசியலமைப்பிலேயே இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். 160-ஆம் பிரிவின்படி இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களை மேற்கொள்பவர் மலாய்க்காரர். இன்ன இனத்து இரத்தம் வேண்டும் என்ற பேச்சில்லை. அதனால்தான் பினாங்கில் மணம் முடித்துத் தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் பலர் சில தலைமுறைகளில் மலாய்க்காரராகிவிட்டார்கள். இதற்கு நேர் எதிராக மலாக்காவில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. மலாக்கா செட்டிகள் என்று பெயர். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்குப் போய், அந்த ஊர்ப் பெண்களை மணந்துகொண்டவர்களின் வழியினர். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது மலாய்ப் பாணி, கும்பிடுவது மாரியம்மனை. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடைய ஏற்பாடு. ஐந்நூறு ஆண்டுகளாக மலாய் பேசியும் அவர்கள் மலாய்க்காரர் அல்லர். தமிழில் ஒரு வாக்கியம் கூடாமல் போயும் இந்தியர். அதே மலாக்காவில் போர்த்துகீசியத்தை மலாயோடு குழைத்துக் கிறிஸ்தாங் என்று பேசும் மீனவர்களும் உண்டு.

இங்கே ஒரு சிறு விலகல். மலாய் ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அங்கே 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரைதான். டச்சுக்காரர் கோட்டை கட்டி உட்கார்ந்து, நம் தறியில் நெய்த துணியை மூட்டை மூட்டையாகக் கிழக்கே ஏற்றிய துறைமுகம். பெயர் மட்டும் அவர்கள் இடுப்பில் தங்கிவிட்டது. கடைக்கு 'கெடாய்', கட்டிலுக்கு 'காத்தில்', பெட்டிக்கு 'பெத்தி', கப்பலுக்கு 'காப்பால்', முதலுக்கு 'மொடால்' என்று மலாய் மொழியில் நம் சொற்கள் கிடக்கின்றன. 'குடாங்' என்ற சொல் மட்டும் தமிழ்க் கிடங்கா, தெலுங்கு கிட்டங்கியா என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு மாலை முழுதும் வழக்கு நடந்தது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

அவள் பள்ளி ஆசிரியை. அரசு வேலை கிடைத்ததும் முதல் பணியிடமாக அவளைத் தென்சீனக் கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவில் உள்ள சரவாக்கின் காப்பிட் பகுதிக்கு அனுப்பினார்கள். அப்போது அங்கே போகச் சாலை கிடையாது. சிபுவிலிருந்து ரஜாங் ஆற்றில், விமானத்தின் உடலைப் போல நீண்டு குறுகிய எக்ஸ்பிரஸ் படகில் மூன்று மணி நேரம் போக வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, மலேசியாவைத் தெரியும் என்று நினைத்திருந்த தனக்கு அந்தப் படகுத்துறையில் இறங்கியபோது தன் நாட்டில் பாதியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது என்றாள். 1963-இல்தான் மலாயாவோடு சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா ஆனது. இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் விலகியது. ஆகையால் சரவாக்கியருக்கு மலேசியா என்பது தாத்தா காலத்துச் சம்பவம், புராதனமன்று.

அங்கே பெரும்பான்மை இபான் மக்கள். அவர்களுடைய வீட்டைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஊர் என்று தனியாகக் கிடையாது, வீடே ஊர். ஆற்றங்கரையில் கால்நட்டு உயர்த்திய ஒரே நீண்ட வீடு, ஒரே கூரை, கூரைக்கு அடியில் ஒரு பாதி முழுவதும் தடுப்பில்லாத பொதுக்கூடம், அதற்கு 'ருவாய்' என்று பெயர், மறுபாதியில் குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு கதவு. "உங்கள் வீடு எவ்வளவு பெரியது?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை, "எத்தனை கதவு?" என்றுதான் கேட்பார்கள். இருபது கதவு வீடு, நாற்பது கதவு வீடு என்று பதில் வரும். மழைநாளில் ருவாயில் பாய் விரித்து உட்கார்ந்து பெண்கள் கூடை முடைவார்கள்; கிழவர் வலை பின்னுவார்; பிள்ளைகள் அந்த நீளத்துக்கும் ஓடுவார்கள். வீட்டுத் தலைவரின் பெயரே வீட்டின் பெயர். தலைவர் மாறினால் வீட்டின் பெயரும் மாறும். முகவரி எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவன் அங்கே என்ன பாடுபடுவான் என்று நினைத்துச் சிரித்தோம்.

இபான் மொழி மலாய்க்கு நெருங்கிய உறவு. மலாயில் 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது, இபானில் 'மாக்காய்'. மலாயில் 'ஜாலான்' என்றால் வழி; இபானில் 'ஜாலாய்'. நீளத்துக்கு மலாயில் 'பஞ்சாங்', இபானில் 'பஞ்சாய்'. முதல் மாதம் எல்லா மலாய்ச் சொல்லுக்கும் கடைசியில் ஆய் சேர்த்துப் பேசி வகுப்பையே சிரிக்க வைத்தாளாம். சிறுவயதில் நாங்களும் இப்படித்தான் ஊர், கால், பால் என்பதை ஊரு, காலு, பாலு என்று நீட்டினால் தெலுங்கு வந்துவிட்டதாக நினைத்து, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள நகரிக்குப் போய் எல்லாவற்றையும் நீட்டிப் பேசி அடி வாங்கினோம். மேற்குக் கரையில் வளர்ந்த அவளுக்குக் கிளந்தான் மாநிலத்து மலாய் இதைவிடக் கடினமாக இருந்ததாம். அங்கே மாக்கான், 'மாக்கே' ஆகிவிடுகிறது. மலாய் என்று ஒரே பெயரில் எழுதப்படும் மொழிக்குள்ளேயே இவ்வளவு.

அவளுடைய வகுப்பில் இபான் பிள்ளைகளோடு காயான், கென்யா இனத்துப் பிள்ளைகள், கடைக்காரர் ஒருவரின் பூச்சௌ மகன், மெலனாவ் அதிகாரி ஒருவரின் மகள் எனப் பலரும் இருந்தார்கள். மெலனாவ் வீடுகளில் ஒரே குடும்பத்தில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் பழைய நம்பிக்கையினரும் இருப்பது சாதாரணம் என்றாள். இதை அவள் சொன்ன தொனியில் வியப்பே இல்லை. அரசியலமைப்பின் 161அ பிரிவு, 2022-இல் திருத்தம் வரும்வரை, சரவாக்கின் சுதேசி இனங்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டிருந்தது; அதில் இபான் மக்கள் 'கடல் தயாக்' என்றும் பிடாயு மக்கள் 'நிலத் தயாக்' என்றும் ஆங்கிலேயன் இட்ட பெயரிலேயே இருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியல் எல்லாப் படிவங்களுக்கும் வந்து சேரவில்லை. தலைநகரில் அச்சான படிவங்கள் பலவற்றில் அப்போது மலாய், சீனம், இந்தியா, லாயின்-லாயின் என்ற அதே நான்குதான் இருந்தன. சரவாக்கின் மிகப் பெரிய இனம் தன்னைத்தானே 'ஏனையோர்' என்று குறித்துக்கொண்டது. "என் வகுப்பில் முப்பது பேரில் இருபத்தேழு பேர் ஏனையோர், சின்னாயனா. நானும் மிச்சம் மூன்று பேரும்தான் கட்டம் உள்ளவர்கள்" என்றாள்.

தீபகற்பத்தின் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியவில்லை. நான்தான் படித்ததைச் சொன்னேன். அவர்களைப் பதினெட்டுப் பிரிவுகளாக அரசு வகுத்திருக்கிறது. அவர்களில் பலர் பேசுவது மலாய்க் குடும்பத்து மொழியே அன்று. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன் ஆகியவற்றோடு உறவுள்ள அஸ்லி மொழிகள். ஜஹாய் என்ற சிறு மொழியில் வாசனைகளைக் குறிக்க மட்டும் ஒரு டசன் தனிச் சொற்கள் இருப்பதை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. ரோஜா மணம், மீன் நாற்றம் என்று பொருளின் பெயரைச் சேர்க்காமல், நிறத்துக்குச் சிவப்பு, பச்சை என்பதைப் போல வாசனைக்கே பெயர். புலியை இழுத்துவரும் இரத்த வாடைக்கு அதில் ஒரு சொல் உண்டு. எங்கள் வீட்டில் அம்மா கவிச்சி என்பதை அப்பா நீச்சு என்பார். எங்கள் இரு மொழிச் செல்வமும் சேர்ந்தே அந்த அளவில் நின்றுவிட்டது.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது ஜெடெக் மொழியின் செய்தி. ஜஹாய் மொழியை ஆராயப் போன ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், ஜஹாய்க்காரர் என்று கணக்கில் இருந்த ஊர் ஒன்றில் சிலர் பேசுவது வேறாக ஒலிப்பதைக் கவனித்தார்கள். சொல் வேறு, ஒலி வேறு, இலக்கணம் வேறு. ஏறத்தாழ 280 பேர் பேசும் அந்த மொழியைப் பற்றி 2018-இல் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவர்கள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அரசு குடியமர்த்திய ஊரில், பலரும் வந்துபோகும் இடத்தில்தான் இருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தின் பெயரில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கணக்கும் இந்தக் குணத்தில் குறைந்ததன்று. 2011-இல் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, மேலும் தொகுத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளாக்கினார்கள். அதில் நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை 22. தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்பாளர் கையேட்டில் உள்ள விளக்கம், குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி என்பது. எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் பிறந்த என் அப்பாவின் வீட்டு மொழி தெலுங்கு. ஆந்திரத்து நகரியில் பிறந்த என் அம்மாவின் வீட்டு மொழி தமிழ். கிராமத்தை அலகாக எடுத்து, பெரும்பான்மையோரின் மொழி எது என்று பார்த்துத்தான் எல்லைக் கோட்டை இழுத்தார்கள். கோடு ஊருக்கு நடுவில் சரியாகத்தான் போயிருக்கும், எங்கள் வீட்டுக்கு நடுவில் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் தெலுங்கு நன்றாகப் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. பேருந்துப் பலகையில் புத்தூர் என்ற தெலுங்கு எழுத்துகளைப் படமாகப் பார்த்து அடையாளம் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்குப் பேச்சும் அரைகுறை.

அன்று மாலை அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் அத்தைக்கு எண்பத்துநான்கு வயது. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். திண்ணையில் இருவரையும் உட்கார வைத்தேன். அவள் தன் பாட்டியின் உடல்நிலையைப் பற்றியும், காலையில் சென்னையில் பசியாறிய கதையையும், கார்க்காரன் 'துட்லு' அதிகம் கேட்டதையும் சொல்லிக்கொண்டே போனாள். பணத்துக்குத் துட்லு என்பது இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வராத சொல். அவர்கள் டப்புலு என்கிறார்கள், தொலைக்காட்சியில் கேட்டபடி. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் அவள் பாட்டி 'பாசார்'க்குப் போய்வருவதைச் சொன்னாள். அது மலாய்ச் சொல், சந்தை என்று பொருள் என நான் விளக்க வாயெடுப்பதற்குள் அத்தை, "பஜாரா? இந்த வயசுலயா போகுது?" என்று தமிழில் கேட்டார். இரண்டும் பாரசீகத்திலிருந்து வெவ்வேறு கப்பலில் வந்த ஒரே சொல்தான். பிறகு அவள் கையைத் தடவிப் பார்த்து, "இதி மன இண்ட்டி மாட்ட" என்றார். நம் வீட்டுப் பேச்சு இது என்று பொருள். அறுபது ஆண்டுகளில் அத்தை எங்கள் யாரைப் பார்த்தும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. சான்று கிடைக்கவில்லை, வேறு வழியில் முயன்றுகொண்டிருக்கிறோம். இந்த ஆனி மாதம் வழக்கம்போலப் பள்ளிச் சேர்க்கைக் கூட்டம் கடையில் நிரம்பியது. இந்த இடத்தில் ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். இத்தனை ஆண்டுகளாகப் பள்ளிப் படிவத்தில் தாய்மொழிக் கட்டம் வரும்போது பெரும்பாலும் நான் யாரையும் கேட்டதில்லை. தமிழ் என்று நானே தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். வரிசை நீளமாக இருக்கும். பிள்ளை சேரப் போவது தமிழ்வழிப் பள்ளி. தெலுங்கு என்று போட்டால் பின்னால் ஏதேனும் கேள்வி வருமோ என்ற எண்ணம் வேறு. எவரும் ஆட்சேபித்ததும் இல்லை. அந்தத் தோட்டத்துக் கிராணியும் வரிசையைப் பார்த்திருப்பான்.

இம்முறை கேட்பது என்று முடிவு செய்தேன். முதலில் வந்தவர் ஆற்றுக்கு அக்கரைத் தெருவிலிருந்து வரும் ஒரு தாய். கணவருக்கு விசைத்தறி வேலை. இரண்டாவது பிள்ளைக்கு முதல் வகுப்புச் சேர்க்கை. தாயும் பிள்ளையும் கடைக்குள் வந்ததிலிருந்து தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கணினித் திரையில் கட்டம் வந்து நின்றது. "தாய்மொழி என்னம்மா போடட்டும்?" என்றேன்.

அவர் என்னை ஒரு விநாடி புரியாமல் பார்த்தார்.

"பெரிய பையனுக்கு என்ன போட்டீங்களோ அதையே போடுங்கண்ணா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

பெரிய பையனின் படிவத்தை நிரப்பியவனும் நான்தான்.